பல்லி பச்சையான சனிக்கிழமை

கோகிலவாணி வீட்டுப் பல்லி சில மாதங்களாகவே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

பல்லி என்பது ஊர் வைத்த பெயர். நல்லுறவு வாரியத்தின் காகிதங்களில் அது ‘இல்லுறை உறவுநிலை உணரி’. அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க ஒரு குழு அமைத்தார்கள், குழு ஒரு மலைவாசஸ்தலத்தில் தங்கி விவாதித்தது, திரும்பி வரும்போது இரண்டு உறுப்பினர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை என்று சொல்வார்கள். பெட்டி என்னவோ கையகலம்தான். கூடத்துச் சுவரின் மேல்மூலையில் ஒட்டிக்கொண்டு, வீட்டில் யாராவது பேசினால் ‘ச்சு, ச்சு’ என்று ஒலி எழுப்பும். குரல் பதிவாகிறது என்று அர்த்தம். சுவரில் ஒட்டிக்கொண்டு ச்சு என்று சொல்கிற ஒன்றுக்கு நம் மக்கள் குழு போட்டா பெயர் வைப்பார்கள்? பெயரோடு நம்பிக்கையும் சேர்ந்து வந்தது. பல்லி சொன்னால் பலிக்கும்.

இதெல்லாம் தொடங்கியது ஒரு நல்ல எண்ணத்தில்தான். கோவையின் மேற்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருந்த பெரியவர் இறந்துபோனார். வாசலில் பால் பாக்கெட்டுகள் சேர்ந்து, வாடை வந்த பிறகே கதவை உடைத்தார்கள். ஊர் வெட்கப்பட்டது. பக்கத்து வீட்டுக் கதவை அவ்வப்போது தட்டிப் பார்க்கலாமே என்று யாரோ சொன்னார்கள். அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று நிபுணர்கள் மறுத்துவிட்டார்கள். சத்தமில்லாத வீடு ஆபத்தான வீடு என்று ஆய்வறிக்கை முடிவுகட்டியது. வாரியம் பிறந்தது. ‘பேச்சே உயிர்மூச்சு’ என்று பேருந்துகளின் பின்னால் எழுதினார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு பல்லி ஏறியது. அதன் விளக்கு பச்சை என்றால் வீட்டில் நல்லுறவு. மஞ்சள் என்றால் கவனம் தேவை. சிவப்பு என்றால் உறவு வறட்சி.

கோகிலவாணிக்கு அப்படி எந்த வறட்சியும் தெரியவில்லை. அரசுப் பள்ளியில் இயற்பியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்து ஏமாந்தது. காலையில் மாவு அரைப்பதும், மதியம் புத்தகமும், சாயங்காலம் மொட்டை மாடியில் தனியாக ஒரு நடையும் என்று அவளுடைய நாள் அவள் அளவுக்குச் சரியாகத் தைத்த ரவிக்கை மாதிரி இருந்தது. எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொளதொளக்கவில்லை.

வாரியத்தின் உறவு மேம்பாட்டு அலுவலர் நிரஞ்சன் ஒரு புதன்கிழமை வந்தான். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தட்டைக் கணினி, முகத்தில் நோயாளியைப் பார்க்க வந்தவனின் புன்னகை. உட்காரும்போதே சிவப்பு விளக்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“கவலையே படாதீங்க மேடம். உங்களை மாதிரி ஆளுங்களை நாங்க நெறையப் பேரைச் சரி பண்ணியிருக்கோம்.”

“எனக்கு என்னங்க?”

“அதைத்தான் கண்டுபிடிக்கப் போறோம்.” கணினியைத் தொட்டான். “பேசறதுக்கு உங்களுக்குக் கூச்சமா?”

“முப்பது வருசம் கிளாஸ்ல நின்னு பேசியிருக்கேன். நான் பாடம் எடுத்தா மைதானத்துல கோகோ ஆடற புள்ளைங்களுக்கும் கேக்கும்.”

நிரஞ்சன் திரையில் ஒன்றை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போனான். “அப்போ மனுசங்களைப் புடிக்காதுங்களா?”

“புடிக்கும். கொஞ்ச நேரத்துக்கு.”

“மனசு சோர்வா, அழுகை வர்ற மாதிரி...”

“இல்லீங்க.”

“பழைய காயம் ஏதாச்சும்? காதல் தோல்வி, அந்த மாதிரி. சும்மா சொல்லுங்க, நான் உங்க மகன் மாதிரி.”

“உங்களுக்கு இருக்குதுங்களா?”

“எனக்கா?” நிரஞ்சன் சற்றுத் திணறினான். “ஒண்ணு இருந்துதுங்க.”

“அப்ப நீங்க மட்டும் எப்படி இவ்வளவு பேசறீங்க?”

அவன் அவசரமாகப் பட்டியலுக்குத் திரும்பினான். அதில் மிச்சமிருந்தது ‘பிற’ மட்டும்தான். அதைத் தொட்டுவிட்டு, அவளையே சொல்லச் சொன்னான்.

“வெயில்ல அலைஞ்சுட்டு வந்தா நெழல்ல சித்த நேரம் உக்கார்றோம் இல்லீங்களா, அது மாதிரிதான். கல்யாணத்துக்குப் போறேன், எல்லாருகிட்டயும் பேசறேன், நல்லாத்தான் இருக்குது. வீட்டுக்கு வந்தா கம்முனு இருக்கோணும். நெழல்ல உக்கார்றவனுக்கு வெயில் மேல கோவம்னு யாரும் சொல்றதில்ல. என்னையத்தான் சொல்றாங்க.”

“அழகாச் சொன்னீங்க மேடம்.” நிரஞ்சன் உண்மையிலேயே ரசித்தான். “ஆனா அதைத்தான் நாங்க அறிகுறின்னு சொல்றோம்.”

பிறகு வந்த காரியத்தைச் சொன்னான். மாதக் கடைசியில் மறுஆய்வு. அப்போதும் சிவப்பு என்றால், அவளைக் கலகலப்பு இல்லத்துக்கு மாற்ற வேண்டும் என்று விதி. வீட்டை வாரியமே பூட்டிப் பாதுகாக்கும். இல்லம் எப்படி இருக்கும் என்று ஒரு வீடியோ காட்டினான். ஒரு பெரிய கூடத்தில் வயதானவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் தனக்குப் பிடித்த காய்கறியைச் சொல்ல வேண்டும். ‘சுரைக்காய்’ என்றார் ஒருவர். எல்லோரும் கைதட்டினார்கள். ஓர் அறைக்கு எட்டுக் கட்டில். எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை.

“தனியா இருக்க எடமே இல்லீங்களா இதுல?”

“இல்லவே இல்ல மேடம்,” என்றான் நிரஞ்சன் பெருமையாக.

கோகிலவாணி வீடியோவிலிருந்து கண்ணை எடுத்தாள். “சனிக்கிழமை லோகநாதன் வர்றாருங்களே. அது கணக்குல வராதா?”

நிரஞ்சன் தேடிப் பார்த்தான். “வர்றாருங்க. மதியம் வந்து பொழுது சாயப் போறாரு. உடம்புச் சூடு பதிவாயிருக்குது. ஆனா பேச்சே இல்லீங்களே. தப்பா எடுத்துக்காதீங்க, மெசின் அவரை ‘வெப்பம் வெளியிடும் பொருள்’னு வகைப்படுத்தியிருக்குது. ஃப்ரிட்ஜுக்கும் அதே வகைதான்.”

“நாங்க பேசறதில்லன்னு உங்களுக்கு யாரு சொன்னா? என்ன பேசறோம்னு கேக்கறீங்களா?”

“சேச்சே. என்ன பேசறீங்கன்னு நாங்க கேக்கறதே இல்ல. கோர்ட்டு தடை பண்ணியிருக்குது. குரல் ஏறுதா, எறங்குதா, ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் புடிக்கிறாங்களா, சூடு இருக்குதா, இதுதான் பாப்போம். அர்த்தம் எங்களுக்குத் தேவையில்ல.” எழுந்தான். “ஒரே ஒரு உறவு மேடம். ஒண்ணே ஒண்ணு பச்சையில பதிவானாப் போதும். நீங்க இங்கயே இருந்துக்கலாம்.”

லோகநாதன் ஒரு பம்புசெட் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்க மோட்டார் இரைச்சலில் நின்றவர் என்பதால் அமைதியைச் சாப்பாடு மாதிரி மதிப்பார். கோகிலவாணியின் அண்ணன் தண்டபாணியோடு வேலை பார்த்தவர். தண்டபாணி இந்த வீட்டில்தான் இறந்தார். துக்கம் கேட்க லோகநாதன் வந்தார். துக்க வீட்டில் வந்தவரை வாங்க என்று சொல்வதில்லை, போகிறவர் வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. வந்தார், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார், வெகுநேரம் இருந்தார், எழுந்து போனார். மற்றவர்கள் எல்லோரும் ஆறுதல் சொல்லிச் சொல்லி அவளைக் களைப்பாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். இவர் ஒருவர்தான் எதையும் எடுத்துக்கொண்டு போகாமல் போனார் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த வாரமும். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் வந்தார். அந்தத் துக்க விசாரிப்பு முடியாமலே வருடங்கள் ஓடிவிட்டன. அவர் சன்னலோரம் உட்கார்ந்து மருதமலையைப் பார்ப்பார். அவள் புத்தகம் படிப்பாள். நாலு மணி வாக்கில் அவள் டீ போடுவாள், குடித்த டம்ளர்களை அவர் கழுவி வைப்பார். எப்போதாவது “மழை வரும் போல” என்பார் ஒருவர். “ம்” என்பார் மற்றவர். மனைவியை இழந்த ஆணும் மணமாகாத பெண்ணும் சனிக்கிழமைதோறும் ஒரே வீட்டில் இருப்பது தெரிந்ததும் குடியிருப்பில் சிலர் ஆர்வமாகக் காது கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்காததால் மனமுடைந்து விட்டுவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை கோகிலவாணி விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் பழக்கத்திலேயே மிக நீண்ட பேச்சு அதுதான். லோகநாதன் ரப்பர் பந்து வரை கேட்டுவிட்டுக் கேட்டார்:

“அங்க சனிக்கிழமை வெளியாளுங்களை உடுவாங்களா?”

“உடுவாங்களாம். ஆனா வட்டத்துல உக்கார வெச்சுருவாங்களாம்.”

அவர் முகம் வெளிறியது. “பேசிரலாங்க டீச்சர்,” என்றார்.

பேசிப் பார்த்தார்கள். முதலில் செய்தித்தாள். அவர் ஒரு பத்தி படித்தார், அவள் ஒரு பத்தி. பல்லி ச்சு ச்சு என்றதே தவிர, விளக்கு அசையவில்லை. கோகிலவாணி எழுந்து நின்று நியூட்டனின் மூன்றாம் விதியை நடத்தினாள். பழைய குரல் தானாக வந்தது; கீழே வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார். விளக்கு ஒரு கணம் மஞ்சளாகி, எதிராளி ஒன்றும் சொல்லாததைக் கண்டு மறுபடி சிவந்தது. “சந்தேகம் கேளுங்க,” என்றாள். “எனக்குப் புரிஞ்சுருச்சுங்களே,” என்றார் அவர் பரிதாபமாக. பிறகு அவர் பம்புகளைப் பற்றிச் சொன்னார். அவள் ஆர்வமாகத்தான் கேட்டாள். ஆர்வமாகக் கேட்பதைப் பல்லி எங்கே அளக்கிறது? இரண்டு பேருக்கும் தொண்டை கட்டி, டீ கூடக் குடிக்காமல் அந்த வாரம் முடிந்தது.

எதிர்வீட்டு மஞ்சுளாவிடம் யோசனை கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. மஞ்சுளாவும் அவள் கணவன் பழனிச்சாமியும் விடிந்தால் சண்டை, பொழுது அடைந்தால் சண்டை. அவர்கள் வீட்டுப் பல்லி மரகதம் மாதிரி ஜொலிக்கும். போன வருடம் வாரியம் அவர்களுக்கு ‘நல்லுறவுச் சுடர்’ விருது கொடுத்தது. மேடையிலேயே யார் கேடயத்தை வாங்குவது என்று இருவருக்கும் தகராறு வர, தலைவர் நெகிழ்ந்து இன்னொரு கேடயம் கொடுத்தார்.

“அட ஏனுங்க டீச்சர், இத்தனை நாளு என்னையக் கேக்காம இருந்தீங்க,” என்றாள் மஞ்சுளா, வெங்காயம் உரித்துக்கொண்டே. “அன்பாப் பேசினா அதுக்கு ஏறாதுங்க. அன்பாப் பேசறவங்க மெதுவாத்தான பேசுவாங்க? சண்டைதான். ஆனா சண்டையும் சும்மா இல்ல. பெருசுல ஆரம்பிக்கக் கூடாது, சீக்கிரம் முடிஞ்சு போயிரும். டீயில சக்கரை, வாசல்ல செருப்பு, இப்படிச் சிறுசுல ஆரம்பிக்கோணும். அப்புறம் நடுநடுவுல ‘எப்பவுமே’, ‘ஒருநாளாச்சும்’, இந்த ரெண்டு வார்த்தையப் போட்டுக்கோங்க. அதைப் போட்டா எப்பேர்ப்பட்ட பல்லியும் பச்சையாயிரும்.”

“நெசமாவே கோவமாங்க உங்க ரெண்டு பேருக்கும்?”

மஞ்சுளாவின் கை நின்றது. “மொதல்ல நெசந்தானுங்க. அப்புறம் விருது குடுத்தாங்க. இப்ப எது நெசம், எது பழக்கம்னு புடிபடறதில்ல. ஒருநாள் கரெண்டு போயி பல்லி அணைஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருந்தோம். எனக்குப் பயமாப் போச்சுங்க டீச்சர்.” மறுபடி உரிக்கத் தொடங்கினாள். “நல்லவேளை, அவரு குறட்டை உட்டாரு. அதை வெச்சு ஆரம்பிச்சுட்டோம்.”

மறுஆய்வுக்கு முந்தைய சனிக்கிழமை. லோகநாதன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார், ஏதோ மேடை ஏறப் போகிறவர் மாதிரி. கோகிலவாணி டீயை வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். சன்னல் பக்கம் போகாமல் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“டீயில சக்கரை அதிகம்,” என்றார். சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரிப் பார்த்தார்.

“போடறதுதானுங்க போட்டிருக்கேன்.”

“எப்பவுமே அதிகம்தான்.”

“அப்ப ஒருநாளாச்சும் சொல்லியிருக்கலாமல்ல?”

மஞ்சள். இரண்டு பேரும் விளக்கைப் பார்த்தார்கள். கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். லோகநாதன் கண்ணாலேயே ‘விடாதீங்க’ என்றார். அந்த நிமிடம் இருவருக்கும் சந்தோஷமாகக்கூட இருந்தது. பள்ளிக்கூட நாடகத்தில் வசனம் மறக்காமல் சொன்ன பிள்ளைகளின் சந்தோஷம்.

“சொல்றதுக்கு நீங்க எங்க காது குடுக்கறீங்க? புஸ்தகத்துல மூஞ்சிய வெச்சா ஆள் வந்ததும் தெரியறதில்ல, போனதும் தெரியறதில்ல.”

“ஆளு எங்க வந்துச்சு? வந்ததும் சன்னல்கிட்டதான போய் உக்கார்றீங்க? உங்க வீட்டுச் சன்னலத் தொறந்தா அடுத்த வீட்டுச் சுவரு. மலையப் பாக்க ஒரு எடம் வேணும். அதுக்கு இந்த வீடு. நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் வாயை விட்டு வெளியே வந்து கூடத்தில் நின்றபோது அது விளையாட்டு மாதிரி இல்லை. உள்ளே எங்கோ வெகுநாளாகக் குந்தியிருந்து, கதவு திறந்ததும் எழுந்து வந்தது மாதிரி இருந்தது. பல்லி ச்சு ச்சு ச்சு என்றது.

லோகநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். “ஆமா. சன்னலுக்குத்தான் வர்றேன்.”

“அது எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும் உங்களுக்கு? நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு யாருக்குத்தான் தெரியும்?” அவர் குரல் உயர்ந்தது. மோட்டார் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய குரல். இத்தனை வருடத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. “தண்டபாணிய எடுத்தன்னைக்கு ஒரு சொட்டு அழுதீங்களா? கூடப் பொறந்தவன். ஊரே சொன்னுச்சு, கல்லுன்னு.”

அங்கே நிறுத்தியிருக்கலாம். விளக்கு மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் துடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வார்த்தை போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன்,” என்றார்.

பல்லி பச்சையானது. வாரியத்தின் வாழ்த்து இசை, நாதஸ்வரம் மாதிரி ஒன்று, சின்னதாக ஒலித்து அடங்கியது.

கோகிலவாணி அழுதிருந்தாள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, அண்ணனின் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, நாள்கணக்கில். யாரிடமும் சொன்னதில்லை; சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றியதில்லை. சனிக்கிழமைகளில் எதிரே வந்து உட்கார்ந்த ஒரு மனிதருக்கு மட்டும் அது தெரியும் என்று, யாரும் சொல்லாமலே, நினைத்துக்கொண்டிருந்தாள்.

“பச்சை வந்துருச்சுங்க,” என்றார் லோகநாதன்.

“ம்,” என்றாள்.

அவர் டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். ஒன்றை இரண்டு தரம் கழுவினார்.

நிரஞ்சன் மாதக் கடைசியில் இனிப்புப் பெட்டியோடு வந்தான். கூடவே ஒரு பணியாளர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“கலக்கிட்டீங்க மேடம். நாலு நிமிசத்துல செவப்புலருந்து பச்சை. எங்க மண்டலத்துலயே இந்த மாதிரி ஒரு வளைகோடு வந்ததில்லைங்க. தலைவரு உங்க வரைபடத்தைப் பெருசாப் போட்டு ஆபீஸ்ல மாட்டச் சொல்லிட்டாரு.” திரையைக் காட்டினான். ஒரு கோடு மலை மாதிரி ஏறிப்போய் உச்சியில் நின்றிருந்தது. “இங்க பாருங்க, இந்த எடத்துல அவரு ஏதோ சொல்றாரு, நீங்க அப்படியே பேச்சே வராம நெகிழ்ந்து போயிட்டீங்க. மெசின் அதைப் புடிச்சிருச்சு. ‘ஆழ்ந்த பிணைப்பு’ன்னு போட்டிருக்குது.”

கோகிலவாணி அந்த உச்சியைப் பார்த்தாள்.

“எனக்கு ஒரு சந்தேகம். தப்புன்னா சொல்லாதீங்க,” என்றான் நிரஞ்சன் குரலைத் தாழ்த்தி. “அப்படி என்னங்க சொன்னாரு?”

“அர்த்தம் உங்களுக்குத் தேவையில்லைன்னீங்களே.”

“வாரியத்துக்குத் தேவையில்ல. எனக்குத்தான்.” அவன் முகத்தில் முதல்முறையாக நோயாளியைப் பார்க்கும் அந்தப் புன்னகை இல்லை. “எங்க வீட்டுப் பல்லி மஞ்சள்லயே நிக்குதுங்க. வெளிய யாருக்கும் தெரியாது.”

அவளுக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. “அதை அப்படியே உட்டுருங்க தம்பி,” என்றாள். “மஞ்சள் நல்ல கலரு.”

அவன் புரியாமல் தலையாட்டினான். ஏணி சுவரில் சாய்ந்தது. பணியாளர் ஏறிப் பல்லியைக் கழற்றினார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

“எடுத்துட்டுப் போறீங்களா?”

“ஆழ்ந்த பிணைப்பு வந்துட்டா உணரி தேவையில்லைங்க மேடம். அதுதான் விதி. நல்லா இருக்கிற வீட்டை ஏன் தொந்தரவு பண்ணோணும்?” கும்பிட்டான். “இனிமே நீங்களும் அவரும் எவ்வளவு வேணும்னாலும் கம்முனு இருக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

லோகநாதன் சனிக்கிழமை வந்தார். வரமாட்டாரோ என்று அவள் நினைத்திருந்தாள். வராமல் இருந்துவிடலாமா என்று அவரும் நினைத்திருக்க வேண்டும். வழக்கமான நேரம் கழிந்த பிறகுதான் செருப்புச் சத்தம் கேட்டது. கதவருகே நின்று, இதுவரை இல்லாத வழக்கமாக, “வரலாங்களா?” என்று கேட்டார்.

“வாங்க,” என்றாள் அவளும், இதுவரை சொல்லாததை.

அவர் சன்னல் பக்கம் இரண்டடி வைத்தார். நின்றார். அங்கே போய் உட்கார்ந்தால் ஒரு அர்த்தம், போகாவிட்டால் இன்னொரு அர்த்தம் என்று ஆகிவிட்டிருந்தது. கடைசியில் சன்னலுக்கும் சோபாவுக்கும் நடுவில், வெளியே எதுவும் தெரியாத இடத்தில் கிடந்த ஒரு பிரம்பு மோடாவில் உட்கார்ந்தார். கோகிலவாணி புத்தகத்தை எடுத்தாள், முகத்தை அதில் வைக்கிறோமோ என்று நினைவு வந்து, பாதியில் மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்குச் சொன்னதெல்லாம் சும்மாங்க டீச்சர்,” என்றார் அவர். “பல்லிக்காகத்தான்.”

“தெரியுமுங்க. நானும் சும்மாத்தான் சொன்னேன்.”

“மனசுல ஒண்ணுமில்ல.”

“எனக்கும் ஒண்ணுமில்லீங்க.”

அதோடு பேச்சு முடிந்தது. பழைய கணக்கில் பார்த்தால் ஒரு மாதத்துக்கான பேச்சு அது. சுவரில் எதுவும் இல்லை. கேட்க ஆளில்லை, அளக்க ஆளில்லை. அவர்கள் இவ்வளவு பாடுபட்டது இந்த அமைதிக்காகத்தான்; இதோ, முழுசாக, யாரும் கேள்வி கேட்காமல் கிடைத்துவிட்டது.

மின்விசிறி சுற்றியது. அவர் தொண்டையைக் கனைத்தார். ஏதோ சொல்ல வருகிறார் என்று அவள் நிமிர்ந்தாள். ஒன்றுமில்லை என்று அவர் கையசைத்தார். அவள் பெருமூச்சு விட்டாள். எதற்கு அந்த மூச்சு என்று அவர் யோசிப்பது தெரிந்தது. முன்பெல்லாம் இந்தக் கூடத்தில் ஒருவர் சும்மா இருந்தால் சும்மா இருக்கிறார் என்று மட்டும்தான் அர்த்தம். இப்போது ஒவ்வொரு நிமிடமும் ஒருவர் எதையோ சொல்லாமல் விட்டுக்கொண்டிருந்தார்.

அன்று டீயில் அவள் சர்க்கரையைக் குறைத்துப் போட்டாள். அவர் குடித்துவிட்டு, “நல்லா இருக்குதுங்க,” என்றார் அவசரமாக. பிடிக்கவில்லை என்பது அவர் டம்ளரைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. கழுவி வைத்துவிட்டு வந்து மறுபடி அதே மோடாவில் உட்கார்ந்தார். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. கிளம்புவதற்கு நேரம் நிறைய இருந்தது.

கூடத்து மூலையில் தண்டபாணியின் டிவி இருந்தது. அவர் போன பிறகு அதை யாரும் போடவில்லை. கோகிலவாணி தூசி துடைப்பதோடு சரி.

“டிவி போடட்டுங்களா?” என்று கேட்டாள்.

லோகநாதன் யோசிக்கவேயில்லை. “போடுங்க, போடுங்க.”

ஏதோ ஒரு செய்திச் சேனல். விவாத நிகழ்ச்சி. நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து, ஒரே நேரத்தில், ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காதபடி கத்திக்கொண்டிருந்தார்கள். என்ன விஷயம் என்று இருவருக்கும் புரியவில்லை. அவள் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள். இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்து திரையையே பார்த்தார்கள். இருவருக்குமே அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.